எட்டுப் பேர் சார்பாக

ஆசிரியர் அறையில், மதிய இடைவேளையில் கூடினோம். தலைமையாசிரியர் மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர்கீழே. அவருக்கு வலப்புறம் கணக்கு ஆசிரியர், எதிரே அறிவியல் டீச்சர். விளையாட்டு ஆசிரியர் வழக்கம்போல சன்னல் கட்டையில். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கதவோரம், ஒரு காதைத் தன் வகுப்பின் பக்கம் வைத்தபடி. நான் அலமாரியை ஒட்டி, தாளும் பேனாவுமாக. மீதி இருவர் விடுப்பு.

விஷயம் இதுதான். சென்ற ஆண்டிலிருந்து எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் மாலை நான்கு மணிவரை பாடம். சோதனை ஏற்பாடு. அதை எல்லாப் பள்ளிகளிலும் நிரந்தரமாக்கலாமா என்று கல்வி அலுவலகம் ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டிருந்தது. பதில் அன்றைய தபாலில் போயாக வேண்டும்.

"வழக்கம்போல ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடுங்க சார். நாலு வரி போதும்" என்றார் தலைமையாசிரியர்.

"நாலு எதுக்கு? அவர் ரெண்டுலயே முடிச்சிடுவாரு" என்றார் கணக்கு.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு சார்" என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர். "ரெண்டு மணிக்கு மேல பாதிப் பேர் பெஞ்சுல தலைய சாச்சிடறாங்க. எழுப்பினா அழறாங்க. ஒருத்தனைச் சமாதானம் பண்றதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவன் தூங்கிடறான்."

"என்கிட்ட அனுப்புங்க டீச்சர், நாலு ரவுண்டு ஓட விடறேன்" என்றார் விளையாட்டு.

"அனுப்பினேனே. திரும்பி வந்து இன்னும் நல்லாத் தூங்கினாங்க."

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். நான்கு மாதமாக, தினமும் முதல் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கியது என்ற குறிப்பு. பெரும்பாலும் இரண்டு இருபது.

"எல்லாம் சரிம்மா. போன வருஷம் நாமளேதான சரின்னோம்? இப்ப மாத்திச் சொன்னா என்ன நினைப்பாங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"நான் எப்ப சார் சொன்னேன்?"

அவர் கேட்டபோது அந்தப் பழைய கடிதத்தின் நகல் என் கையில்தான் இருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாகப் போடாமல் எனக்குக் கடிதம் ஓடாது, படிக்கிற காலத்தில் பழகியது. பார்வையில் முந்தைய கடிதத்தின் எண்ணைக் குறிக்கத்தான் கோப்பைத் திறந்திருந்தேன். 'எங்கள் ஆசிரியர்கள் எட்டுப் பேருக்கும் ஆட்சேபணை இல்லை.' என் கையெழுத்து, அழகாகவே இருந்தது. அன்று மூன்று சுற்றறிக்கைகள் வந்திருந்தன. தண்ணீர்த் தொட்டி ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று, இது ஒன்று. மூன்றுக்கும் ஒரே வரியை எழுதியிருக்கிறேன்.

"யாரையும் கேக்கல டீச்சர். நான்தான் எழுதினேன். முழுசாப் படிக்கக்கூட இல்ல."

அறிவியல் டீச்சர் தண்ணீர் பாட்டிலை மெதுவாக மூடினார்.

"எட்டுப் பேர்ல நானும் உண்டா?" என்றார் கணக்கு. "பரவாயில்ல, என்னையும் ஒரு ஆளா எண்ணியிருக்கீங்க."

"அப்ப அதையே எழுதுங்க சார்" என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுதினா உங்ககிட்டதான் விளக்கம் கேப்பாங்க" என்றார் தலைமையாசிரியர் என்னிடம்.

"கேட்டா சொல்றேன் சார்."

எழுத ஆரம்பித்தேன். பார்வையில் கண்ட கடிதம் ஆசிரியர் யாரையும் கேட்காமல் என்னால் எழுதப்பட்டது, அதை எங்கள் கருத்தாகக் கொள்ள வேண்டாம் என்பது முதல் பத்தி. பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. விடுப்பில் இருந்தவர்களை விளையாட்டு ஆசிரியர் போனில் பிடித்துத் தந்தார்.

"நாலு மணின்னா வேலைக்குப் போற அம்மா அப்பாவுக்கு வசதி. அதையும் போடுங்க" என்றார் கணக்கு.

"பிள்ளைங்க நாலு வரைக்கும் இங்கயே இருக்கட்டும் சார். ரெண்டுக்கு மேல பாடம் வேணாம்னுதான் சொல்றேன். பாய் விரிச்சாத் தூங்கட்டும், முழிச்சிருக்கிறது விளையாடட்டும்" என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

"அப்படின்னா நானும் உங்க கட்சி."

இரண்டையும் எழுதினேன். நோட்டில் இருந்த நேரங்களை நாள்வாரியாகப் பிரதி எடுத்து இணைத்தேன்.

தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். "அழறாங்கன்னெல்லாம் வேணுமா?"

"அதுதான சார் நடக்குது" என்றார் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். "அன்னிக்கு நானும் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். அதையும் முதல் பத்தியில சேருங்க."

சேர்த்தேன். அங்கிருந்த ஆறு பேரும் கையெழுத்திட்டோம். உறையில் பசை தடவி, ஓரங்களை விரலால் நீவி ஒட்டி, தபால் நிலையத்துக்கு நானே நடந்தேன். பதிவுத் தபால் என்றேன். எடை போட்டு, முத்திரை குத்தி, ஊழியர் அதைப் பின்னாலிருந்த பையில் போட்டார்.