மூடி யாருது?

சாக்கடை நகரசபைக்கு, சாலை மாவட்ட சபைக்கு. சரி, நடுச்சாலையில் கிடக்கும் சாக்கடை மூடி யாருக்கு? இதை வைத்தே நகரசபையின் சாக்கடைப் பிரிவு எழுத்தரும், மாவட்ட சபையின் சாலைப் பிரிவு எழுத்தராகிய ஒரு பெண்ணும் போனில் போட்ட சண்டையில் இரண்டு சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்திருக்கும். இருவரும் முகம் பார்த்துக்கொண்டதே இல்லை.

"சாக்கடை சார், மூடி உங்களுது."

"தார் மேடம், அது உக்காந்திருக்கிற இடம் உங்களுது."

"அப்ப மூடிய நீங்க தூக்கிட்டுப் போங்க. குழிய நாங்க வச்சுக்கறோம்!"

அவள் போனை வைக்கும் வேகத்தில் இவர் மேசைக் காகிதமெல்லாம் பறக்கும். மழை பிடித்தால் ஊரே வானத்தைத் திட்டும். இவர் மட்டும் தலையை வாரிக்கொண்டு போனருகே உட்காருவார்.

கல்யாணமாகாத தம்பியைப் பார்த்து அக்கா பொருமுவாள். "ஏன்டா, சாக்கடை மூடிய வச்சா குடும்பம் நடத்துவ? நேர்ல போய், 'நம்ம மூடி'ன்னு சொல்லித் தொலையேன்!"

அந்த 'நம்ம' தார் மேடம் வாயிலிருந்து ஒருமுறை வராதா என்று ஏங்கி ஏங்கியே இவருடைய சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று.

அரசாங்கத்துக்கே மனமிரங்கியது போலும். இரண்டு சபை வேண்டாம், ஒரே சபை போதும் என்று சட்டம் போட்டு, பழைய கட்டடங்களைப் பூட்டி, எல்லோரையும் ஒரே கூடத்தில் கொட்டியது. அவள் மேசை பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். முதல் நாளே இவர் உடைந்த மூடிப் புகார் ஒன்றை நீட்டினார். சண்டைக்கு வசனமெல்லாம் தயார்.

அவள் புன்னகைத்தாள். "நம்ம மூடிதானே சார். வைங்க, நானே பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். ஊர்க் குழிகள் மளமளவென்று மூடின. சண்டைக்கு ஒரு பொத்தல்கூட மிச்சமில்லை. 'சாக்கடை' உதிர்ந்து வெறும் 'சார்' நின்றது. கேட்க ஏங்கிய சொல்லே வந்து, கேட்டுக்கொண்டிருந்த குரலை வாரிக்கொண்டு போய்விட்டது.

ஒரு மதியம் கூடத்தில் யாருமில்லை என்று நினைத்து அவளுடைய பழைய எண்ணை அழுத்தினார். பூட்டிய கட்டடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடுப்புக்கு மேலே அவள் தலை எழுந்தது.

"யாருக்கு சார் போன்?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "உங்களுக்கு."



"அங்க எடுக்க ஆளில்ல சார்," என்றாள் மெல்ல. "உங்க பழைய நம்பர்லயும் இல்ல. நேத்துதான் போட்டுப் பாத்தேன்."