புளிப்பின் மேல் விழுந்த சொட்டு

தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கும் நெருப்பில்லை. எரிவாயு கசிந்தால், அழுகிய வெங்காயத்தை ஈரக் காலுறைக்குள் போட்டு மூன்று நாள் மறந்துவிட்ட மாதிரி நாறும் என்று முந்தைய நாள் சுற்றறிக்கையில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். பதினொரு வீடுகளில் ஏழு வீட்டார் நாற்றம் தாங்கவில்லை என்று தொலைபேசியில் கதறியிருக்கிறார்கள். எட்டாவது வீட்டில் பூனை மயங்கி விழுந்ததாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

எங்கள் தெருவில் அறிவிப்புகள் ஒரு பலகையில் மாட்டப்பட்டு வீடு வீடாகப் போகும். படித்தவர் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். எழுதுவது என் வேலை. சங்கத் தலைவர் நிஷிவாகி, ஓய்வுபெற்ற மூளை மருத்துவர், அன்றே வந்துவிட்டார்.

“யோவ், மூளை ஒரு ஏமாளிய்யா. நாத்தம்னு நல்லா எழுதினா, மூக்குல ஏறினதாவே எடுத்துக்கும். பின்னாடியே பயமும் வந்துடும்.”

“அப்போ நல்லா எழுதியிருக்கேன்னு சொல்றீங்க, டாக்டர்.”

“இனிமே தேதி, நேரம், இடம். அதுக்கு மேல ஒரு சொல் இருந்தாலும் பலகையைப் பிடுங்கிடுவேன்.”

தலையாட்டினேன். ஆனால் ஏமாளி என்ற சொல் உள்ளே தங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் குவாபாராவை நினைத்துக்கொண்டேன். வசந்தத்தில் மனைவி இத்சு இறந்துபோனதிலிருந்து அவன் அழவுமில்லை, ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை. என் மனைவி சதாயே கொண்டுபோகும் கஞ்சி கிண்ணத்தோடு அப்படியே திரும்பும். இடுப்புவாரில் துளைகள் தீர்ந்து, ஆணியால் புதிதாக ஒன்று குத்தியிருந்தான். இப்படியே போனால் குளிர்காலத்தைப் பார்க்கமாட்டான் என்று சதாயே சொன்னாள். பலகை வந்தால் படிக்காமலே முத்திரை குத்துவான்.

அடுத்த சுற்றறிக்கை சாக்கடை சுத்தம் செய்வது பற்றி. தேதி, நேரம், இடம். நிஷிவாகி திருப்தியாக முத்திரை குத்தினார். வரிசையில் பத்தாவது வீடு எனது. கடைசி வீடு குவாபாராவுடையது. என் முறை வந்ததும் பேனாவில் மை நிரப்பி அடியில் சேர்த்தேன்:

‘கூரையில் மூங்கில் தட்டுகள். மூன்று நாள் வெயிலில், ஊறுகாய்க்கு உப்பிலிட்ட உமே காய்கள் சுருங்கி, தோலில் உப்பு பூத்திருக்கிறது. இத்சு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுகிறாள். சாயம் ஏறிச் சிவந்த விரலை நக்குகிறாள். இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. குவாபாராவைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ரொம்பப் புளிப்பு என்கிறாள்.’

முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்தபோதே எச்சில் ஊறிச் சொட்டி இரண்டு தாள்கள் வீணாயின.

“அடியில உன் பேரு இருக்கு. எழுத்துத் தப்பான்னு பாரு” என்று குவாபாராவிடம் பலகையை நீட்டினேன்.

“உனக்கு எந்த எழுத்துதான் சரியா வந்திருக்கு?” என்று வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டான். நான்கு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மறுநாள் காலை பலகை என் வாசலில் கிடந்தது. எப்போதும் நேராக இருக்கும் முத்திரை சாய்ந்திருந்தது. ‘புளிப்பு’ என்ற சொல்லின் மேல் ஒரு சொட்டு விழுந்து, மை பூவாக விரிந்திருந்தது. பதினொரு நாளாக மழையில்லை.

“கண்ணீர்தாங்க” என்றாள் சதாயே.

“எச்சில்” என்றேன்.

“மனுஷனுக்கு அழக்கூடவா உங்க அனுமதி வேணும்?”

நாக்கை வைத்துப் பார்த்தேன். உப்பு.

“சீ! கருமம்! இப்ப என்ன தெரிஞ்சுது?”

ஒன்றும் தெரியவில்லை. கண்ணீரும் உப்பு. இத்சுவின் பழைய ஊறுகாய் ஜாடியை அவன் திறந்து தின்றிருந்தால் எச்சிலும் உப்புதான்.

அடுத்த வீட்டில் ஏணி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். குவாபாரா ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக் கூரையில், வெயிலில், ஒரு மூங்கில் தட்டு கிடந்தது. அதில் ஒன்றுமில்லை.