எட்டாவது வாள்

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு கோதை கூடத்துக்கு வந்தபோது மகாதேவன் கற்பூரத் தட்டை மூன்றாவது சுற்று சுற்றிக்கொண்டிருந்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் சாவி, ஸ்பேனர் செட், கிட்டுவின் பாடப் புத்தகங்கள், அவளுடைய சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், இடுக்கி, ரம்பம் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. காய் நறுக்கும் கத்தியையும் கத்திரிக்கோலையும்கூட மனுஷன் விட்டுவைக்கவில்லை. அவற்றுக்குப் பின்னால், சுவரில் சாத்தியபடி, ஏழு வாள். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு பொட்டு.

"ஏனுங்க, அதை எதுக்குங்க அங்க வெச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வெக்காம?" மகாதேவனுக்கு ஒரே பூரிப்பு. "இத்தனை வருசமா ஸ்பேனரை வெச்சுக் கும்பிட்டோம். இந்த வருசம்தான் நெசமாலுமே வாள் வந்திருக்குது."

கோதை அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அந்த ஏழில் பச்சை நிற வாளுக்குச் சொந்தக்காரியோ இன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு ஊரைவிட்டே போகிறாள்.

அவள் கீழ்வீட்டு வைஷாலி. ஒன்பது வயது. கிட்டுவின் வகுப்புத் தோழி என்பதைவிட, பூனாவில் அந்தக் கோந்த்வா குடியிருப்பின் ஏழு உருப்படிகள் கொண்ட படைக்குத் தளபதி என்று சொன்னால்தான் பொருந்தும். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடம் விட்டதும் கோதை வீட்டில்தான் சாப்பாடு, சண்டை, தூக்கம் எல்லாம். அதில் ஒரு விசேஷம் நடந்துபோயிற்று. பெற்ற பிள்ளை கிட்டுவுக்கு வாயைத் திறந்தால் இந்தி கொட்டும், தமிழ் தட்டுத் தடுமாறி வரும். அந்த மராட்டிக்காரப் பெண்ணோ அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ் பேசினாள். ஊரிலிருந்து வந்த கோதையின் தம்பி ஒருமுறை அவளிடம் வழி கேட்டுவிட்டு, பொள்ளாச்சிப் பக்கமா என்று விசாரித்திருக்கிறான்.

போன மாதம் அவள் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. செய்தியைச் சொல்ல வந்தவள் அழவில்லை. சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வேறு ஒன்று கேட்டாள்.

"அத்தை, நீங்க லைட்டு வேலை செய்யறவங்கதானுங்க? எங்க எல்லாத்துக்கும் எரியற வாள் செஞ்சு தருவீங்ளா?"

கோதை வேலை பார்த்தது வானொலிக் கருவிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில். எட்டு வருஷம் ஈயம் பற்றவைத்துவிட்டு இப்போது பரிசோதனை மேசைக்கு வந்திருந்தாள். சரியில்லாத இணைப்பைக் கண்டால் அதைச் செய்த பெண்களை எழுப்பி நிறுத்தித் திரும்பச் செய்ய வைப்பாள். வீட்டுக்குள் மட்டும் அந்தப் புகை வாசமே ஆகாது என்று வைராக்கியமாக இருந்தவள், அன்றைக்கு ஏனோ சரி என்றுவிட்டாள். சும்மா சரி என்றால் தேவலையே, கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்: "ஊருக்குப் போறதுக்கு முன்னால உன் கையில இருக்கும் கண்ணு."

அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தேடிப் பிடித்தாள். புதவார் பேட்டைச் சந்தில் எல்.ஈ.டி.க்கு அலைந்தாள். குழாய்க்குள் பட்டர் பேப்பரைச் சுருட்டி விட்டால்தான் வெளிச்சம் நுனி வரைக்கும் சீராகப் பரவும் என்று கண்டுபிடிக்கவே மூன்று குழாய் பாழானது. அதற்குள் தொழிற்சாலையில் ஓவர்டைம் வேறு வந்து தொலைந்தது. ஏழாவது வாளுக்கு இன்று காலை பத்து மணிக்குத்தான் பசை பூசினாள். காயட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் குற்றம்.

எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்குப் போன வருஷத்துக் கதை தெரியாது. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஆயுத பூஜைக்குத் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து கோதை வீட்டில்தான் அடுக்குவார்கள். பக்தியாவது மண்ணாவது, ஒரு நாள் முழுக்கப் படி என்று எவரும் சொல்ல முடியாது, அதுதான் விஷயம். போன வருஷம் வைஷாலியின் அம்மா, அடுத்த வாரம் பரீட்சை இருக்கிறது, கணக்கு நோட்டை மட்டும் கொடுங்கள் என்று வந்து நின்றாள். கோதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாமிக்கு வைத்ததை எடுக்கிற பேச்சே கிடையாது என்று அடித்துச் சொன்னாள். பின்னால் ஏழு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அதே கோதை, அதே பிள்ளைகளுக்கு முன்னால் கையை நீட்டினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

பன்னிரண்டு மணிக்குப் படை வந்தது. முன்னால் வைஷாலி, பயணத்துக்கென்று எடுத்த புது சல்வாரில். கூடத்தில் சுவரோரம் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போகட்டும், சாமி என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது என்று கோதை எழுந்து பச்சை வாளை நோக்கி இரண்டடி வைத்தாள்.

"வேண்டாங்கத்தை," என்றாள் வைஷாலி. "பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாதுங்க." குரல் சரியாகத்தான் இருந்தது. கண்தான் நிரம்பிவிட்டது. திரும்பி விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

"அம்மா, அவ குஸ்ஸா இல்ல," என்றான் கிட்டு. "நாராஸ் ஆயிட்டா."

கோபமில்லை, மனசு வாடிப் போய்விட்டாள் என்கிறான். கோபப்பட்டிருந்தால் கோதை தாங்கியிருப்பாள். புருஷன் பக்கம் திரும்பினாள். மகாதேவன் காலிக் கற்பூரத் தட்டோடு, வேலைக்குத் தாமதமாகப் போய் மேனேஜர் முன்னால் நிற்கிறவனைப் போல நின்றான். திட்ட வாயெடுத்தவள் திட்டாமல் மணியைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு செய்யறேன். நாலரை மணி நேரம் இருக்குது."

"எதை வெச்சு? அயர்னும் அங்கதான இருக்குது."

"போய் எங்காச்சும் வாங்கிட்டு வாங்க."

மகாதேவன் போட்டது போட்டபடி ஓடினான். அரை மணி கழித்து வெறுங்கையோடு வந்தான். அந்த ஊரிலும் இன்றைக்குக் கண்டே நவமி, ஆயுதங்களுக்குப் பூஜை. முனையிலிருக்கும் டி.வி. ரிப்பேர்க் கடையில் சால்டரிங் அயர்னுக்கு முழ நீளச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. கடைக்காரர் ‘உத்யா யா’ என்று நாளைக்கு வரச் சொல்லி, வாயில் ஒரு பேடாவையும் போட்டு அனுப்பியிருந்தார். ஹார்டுவேர்க் கடை, சைக்கிள் கடை எங்கும் இதே கதை. அந்தப் பூனா நகரத்திலேயே அன்றைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடப் பொட்டில்லாமல் இருக்கவில்லை போலிருக்கிறது.

கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மிச்சம் மீதியைக் கொட்டிப் பார்த்தாள். பச்சை எல்.ஈ.டி. நான்கு. ரெசிஸ்டர் உண்டு. பென்சில் செல் இரண்டு. ஸ்விட்ச் இல்லை, செல் வைக்கிற டப்பா இல்லை. குழாய் இருந்தது, ஆனால் ஐந்தடி. மற்ற வாளெல்லாம் இரண்டடி. அறுக்க ரம்பம் வேண்டும், ரம்பம் சரஸ்வதியிடம் இருந்தது.

"அறுக்க வேண்டாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இருக்கட்டும்."

வயரின் தோலை உரிக்கப் பல்தான் கதி. தனக்கு முன்பல் இரண்டும் இல்லை என்பதை மறந்து, எனக்கு எனக்கு என்று எதிர்வீட்டு அம்மு வந்து நின்றாள். ஐந்து வயது. அவளுக்கும் ஒரு துண்டைக் கொடுத்தாள் கோதை, அம்மு கடைவாயால் கடித்துக் கொண்டுவந்தாள். பிடிக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கண்ணாடி முன் இருந்த பவுடர் டப்பா கண்ணில் பட்டது. நேற்றுத்தான் பிரித்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் காகிதத்தில் கொட்டினாள். குழாயைச் செருக அடியில் வட்டமாக ஓட்டை வேண்டுமே என்றதும் மகாதேவன் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஊதுவத்தியைக் கொளுத்தி, பென்சிலால் போட்ட வட்டத்தின் மேல் புள்ளி புள்ளியாகச் சுட ஆரம்பித்தான். ஊதுவத்தி அணைந்தால் ஊதினான். விரலைச் சுட்டுக்கொண்டான், உதறிவிட்டுத் தொடர்ந்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று.

கோதை வயர்களைக் கையாலேயே முறுக்கினாள். தொழிற்சாலையில் எவளாவது இப்படிச் செய்து மேசைக்கு அனுப்பியிருந்தால் அன்றைக்கு அவள் தொலைந்தாள். செல் இரண்டையும் காலண்டர் அட்டையில் சுருட்டி டப்பாவுக்குள் இறக்கினாள். மூடியில் ஒரு துளை, அதன் வழியே ஒரு வயர் நுனி. அந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் கீழே செல்லின் மண்டையில் தொடும். விரலை எடுத்தால் அணைந்துவிடும்.

அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் முண்டியடித்துக் குனிந்தார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"எரியுதா?" என்றாள். பட்டப்பகல் மூன்றே முக்கால் மணி வெயில் கூடம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. எரிகிறதா இல்லையா என்று செய்தவளுக்கே தெரியவில்லை.

"பம்ப் ரூம்!" என்று கத்தினான் கிட்டு.

மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருக்கும் பொந்து அது. பகலிலும் கும்மிருட்டு. ஆறு பிள்ளைகள், மகாதேவன், ஐந்தடி வாளைக் குறுக்கிலும் நெடுக்கிலும் சுவரில் இடித்துக்கொண்டு கோதை. வழியில் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த வைஷாலியைக் கிட்டு கையைப் பிடித்து இழுத்துவந்தான். என்ன கலாட்டா என்று பார்க்க அவள் அப்பாவும் சூட்கேஸோடு குனிந்து உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்கள்.

கோதை வாளை வைஷாலியின் கையில் கொடுத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்துத் துளைமேல் வைத்தாள். "இங்க அழுத்து கண்ணு. பலமா."

அழுத்தினாள். பச்சை வெளிச்சம் அடியிலிருந்து ஏறி, பாதியில் மங்கி, நுனிக்கு எட்டாமல் நின்றது. வைஷாலி ஒரு வீச்சு வீசினாள். டப்பாவின் இடுக்குகளில் ஒட்டியிருந்த பவுடர் புஸ்ஸென்று கிளம்பி, பச்சைப் புகையாக எல்லார் தலைமேலும் மிதந்தது. மல்லிகை வாசம் அடித்தது. அந்தப் பொந்தே அதிர்ந்தது. பிள்ளைகளைவிட மகாதேவன் போட்ட கூச்சல்தான் அதிகம்.

தளபதி ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை அழுத்தக் கொடுத்தாள். அம்முவுக்கு விரல் பலம் போதவில்லை, வைஷாலி தன் விரலை மேலே வைத்து அழுத்திக் கொடுத்தாள். அவள் அப்பாகூட ஒரு தடவை கேட்டு வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

"இணைப்பு சரியில்ல," என்றாள் கோதை. அவளுக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. "பச்சை வாளை நாளைக்கு எடுத்து நாக்பூருக்குப் பார்சல் அனுப்பறேன். ஸ்விட்ச்செல்லாம் போட்டது."

"வேண்டாங்கத்தை. எங்க வீட்டுக்குப் புதுசா யாரு வர்றாங்களோ, அவங்க பாப்பாவுக்குக் குடுத்துருங்க." கொஞ்சம் யோசித்தாள். "பாப்பா இல்லீன்னா, நல்லவங்களா இருந்தா குடுங்க."

கோதை சரி என்று தலையாட்டினாள்.

ஆட்டோ வந்தது. சூட்கேஸ்கள் ஏறின, அம்மா ஏறினாள், கோதை கட்டிக் கொடுத்த பொரிகடலையும் சுண்டலும் ஏறின. வாள் ஏறவில்லை. இப்படிப் போட்டால் டிரைவர் கழுத்தில் குத்தியது, அப்படிப் போட்டால் மீட்டரில் இடித்தது. கடைசியில் வைஷாலியை ஓரத்தில் உட்காரவைத்து, வாளை வெளியே நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் ரோட்டில் நின்றது. வாசலில் ஆறு பிள்ளைகளும் வெறுங்கையோடு வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

வெயில் நேரே குழாய்மேல் அடித்தது. வெறும் பிளாஸ்டிக் பளபளப்புதான் தெரிந்தது.

"எரியுதா அத்தை?" என்று அம்மு கோதையின் முந்தானையை இழுத்துக் கேட்டாள்.

கோதை குழாயைப் பார்க்கவில்லை. பவுடர் டப்பாவின் மூடியைப் பார்த்தாள். வைஷாலி இடது கையால் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். வலது கைக் கட்டைவிரல் துளைமேல், நகம் வெளுக்க, அழுந்தியிருந்தது. ஆட்டோ கேட்டைத் தாண்டி, பேக்கரியைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் அந்த விரல் எழும்பவே இல்லை.