பலூன் வெடித்தால்தான் அம்மா

எங்கள் வானிலை நிலையத்தில் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு வெள்ளைப் பலூன் பறக்கவிடப்படும். அதை விடுவது என் வேலை. அதன் கீழே தொங்கும் சிறு கருவி, போகும் வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டே போகும். உயரே செல்லச் செல்லப் பலூன் உப்பும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெடிக்கும். அதுவரை நான் திரையை விட்டு எழக் கூடாது.

ஆதலால், "அம்மா எங்கே?" என்று எவரேனும் கேட்டால், என் ஐந்து வயது மகள் வானத்தைப் பார்த்துவிட்டு, "பலூன் இன்னும் வெடிக்கல" என்பாள்.

அன்று ஆறரை மணிக்குப் பள்ளி முற்றத்து மேடையில் அவள் நிலவாக நிற்கவிருந்தாள். ஒரே ஒரு வரி பேச வேண்டும். சென்ற ஆண்டு அவள் பாடியதை நான் கேட்கவில்லை. இந்த ஆண்டு வருவதாக வாக்களித்திருந்தேன். முறை மாற்றிக்கொள்வதாகச் சொன்ன தோழிக்கோ காய்ச்சல்.

காலையில் என் நாத்தனார் வெள்ளித்தாளை வட்டமாக வெட்டிக்கொண்டே சொன்னாள்: "மழை எப்ப வரும்னு ஊருக்கே சொல்றீங்க அண்ணி. நீங்க எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லத் தெரியல."

"போறப்ப ஒரு குண்டூசி எடுத்துட்டுப் போ," என்றார் கணவர்.

மகள் சிரிக்கவில்லை. "சீக்கிரம் வெடிக்கச் சொல்லும்மா."

"சொல்றேன் கண்ணு."

பலூனுக்கு வாயு நிரப்பும் கொட்டகையில் எப்போதும் பால் போன்ற வெளிச்சம் இருக்கும். சுருண்டு கிடக்கும் ரப்பர் பெருமூச்சு விட்டபடி எழுந்து, தலைக்கு மேல் அசையும். கழுத்தில் கட்டிய எடைக்கல் தரையை விட்டு எழும்பும் கணத்தில் வாயுவை நிறுத்திவிட வேண்டும். அதுதான் அளவு. மிகுதியாக நிரப்பினால் பலூன் விரைந்து ஏறி, விரைவில் வெடித்துவிடும்.

எடைக்கல் எழும்பியது. என் கை திருகின் மேலேயே இருந்தது. மனத்துக்குள் இருபது வரை எண்ணிய பிறகே மூடினேன்.

பலூன் என் விரல்களை உதறிக்கொண்டு போயிற்று. திரையில் எண்கள் ஓடின. அவற்றோடு நானும் மிதந்தேன். கூரைகள் சிறுத்தன, ஏதோ ஒரு முற்றத்தில் வெள்ளித்தாள் மினுங்கியது, மேகத்தின் ஈரம் முகத்தில் பட்டதுபோல் இருந்தது. மூன்று கிலோமீட்டர். ஐந்து. ஆறு. ஏழு கிலோமீட்டரைக் கடந்த பிறகு வெடித்தால் போதும், பதிவு செல்லும். கடக்காவிட்டால் இன்னொரு பலூன் விட்டாக வேண்டும்.

ஆறரை கிலோமீட்டரைத் தாண்டியதும் எண்கள் நின்றன. பின்பு இறங்கத் தொடங்கின. ரப்பரில் எங்கோ ஒரு மெல்லிய இடம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் கண்காணிப்பாளரை அவர் இல்லாதபோது இடி மேடம் என்போம். இடி என் பின்னால் நின்றிருந்தது.

"எவ்வளவு ஏத்தினே?"

பொய் சொல்ல நா எழவில்லை. "கல் எழும்பினப்புறம் இருபது எண்ணினேன், மேடம்."

"எதுக்கு?"

"என் பொண்ணு நிலாவா நிக்கிறா. ஆறரைக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

"வாயத் தொறந்து என்கிட்ட கேட்டா, கடிச்சா தின்னுடுவேன்? போயும் போயும் பலூன்கிட்ட கெஞ்சியிருக்கே! செஞ்சத ரிஜிஸ்டர்ல எழுதிட்டுக் கிளம்பு. அடுத்தத நான் விடறேன்."

'வாயு மிகுதி. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணிற்று.

பள்ளியை அடைந்தபோது முற்றம் நிரம்பியிருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். தரையில் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. மேலே மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது. மேடையில் வெள்ளித்தாள் வட்டத்துக்குள் என் மகளின் முகம்.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அண்ணாந்திருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். நிலையத்தின் பக்கமிருந்து, கடைசி வெயிலை வாங்கிக்கொண்டு, இரண்டாவது பலூன் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அதன் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும். உதடு பிதுங்கியது.

ஓரத்திலிருந்து ஆசிரியை, "சொல்லும்மா, சொல்லு," என்று கிசுகிசுத்தார்.

அவள் தன் வரியைப் பலூனிடம் சொன்னாள்: "நான் எல்லார் வீட்டுக்கும் வருவேன்."

எனக்கு மரியாதை மறந்துபோயிற்று. அத்தனை பேர் நடுவிலும் கையை உயர்த்தி, "கண்ணு, இங்க இருக்கேன்டி!" என்று கத்தினேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மகள் என்னைப் பார்த்தாள், பலூனைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உடனே ஒரு கவலையும் வந்தது.

"அம்மா," என்று மேடையிலிருந்தே கேட்டாள், "அப்ப பலூன் கூட யாரு இருக்கா?"