எங்கிருந்து வந்தார்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் இணையதளத்தை நடத்துவது தங்கை. அதன் வாராந்தர அறிக்கையை வரி விடாமல் படிப்பது அண்ணன். பார்வையாளர்கள் எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள் என்ற பகுதியைத்தான் அவர் முதலில் பார்ப்பார். அன்று காலை ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கணினிப் பக்கம் கூப்பிட்டார்.

"வாண்டு, 'வாண்டு கண்ணாடியகம்'னு ஒரு தளத்துலேர்ந்து நம்ம கடைக்குக் கொஞ்சம் பேர் வந்திருக்காங்க. உன்னைத் தவிர இன்னொரு வாண்டு யாரு?"

வாண்டு என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். துணி அவள் கையிலேயே நின்றது. தனிக்கடை போடப்போவதைத் தன் வாயாலேயே அவரிடம் சொல்ல வேண்டும் என்று சில மாதங்களாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவராகக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான் அவள் பயம்.

தன் புதுக்கடையின் தளம் தேடுபொறியில் வராதபடி தடுத்திருந்தாள். 'தொழில் கற்ற இடம்' என்று நன்றியோடு ஒரு வரி எழுதி, அண்ணன் கடைக்கு இணைப்பு கொடுத்தபோது, அதில் 'நோஃபாலோ' என்ற குறிப்பைச் சேர்த்தாள். இனித் தடயம் இருக்காது என்று நினைத்துவிட்டாள். ஆனால், தளத்தைச் சோதித்துப் பார்க்க வந்த தோழிகள் அந்த இணைப்பைத் தட்டியபோதெல்லாம், அவள் தளத்தின் பெயரை உலாவி இந்தக் கடைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"என் கடைதான் அண்ணா. இன்னும் திறக்கல."

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மறைக்கணும்னா ஒழுங்கா மறைச்சிருக்கலாமே. வேலை தெரிஞ்ச பொண்ணுதானே நீ?"

"நோரெஃபரர்னு போட்டிருக்கணும். போட்டா, எங்கேர்ந்து வந்தாங்கன்னு சொல்லாது. நான் வேற ஒண்ணைப் போட்டுட்டேன்."

"நீ போட்டது என்ன சொல்லும்?"

மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

"தேடுபொறிகிட்ட சொல்லும். இந்தக் கடைக்கு நான் சிபாரிசு பண்ணல, இந்த இணைப்பைக் கணக்குல எடுத்துக்காதேன்னு."

"அது சரி. பவர் பார்க்கக் கத்துக்கொடுத்தவனுக்கு நல்ல மரியாதை."

குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. கைப்பேசியில் தன் தளத்தைத் திறந்து, அந்தக் குறிப்பை நீக்கி அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நன்றி வரியை நிதானமாகப் படித்தார்.

"பதிலுக்கு நம்ம தளத்துலேர்ந்து நானும் உனக்கு ஒரு இணைப்பு தரணுமாக்கும்?"

"நான் கேட்கவே இல்லையே."

"கேட்டாலும் தர மாட்டேன். கடையையே கண்ணால பார்க்கல, என்னன்னு சிபாரிசு பண்றது?" நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எங்க இருக்கு?"

"தபால் ஆபீசுக்கு எதிர்ல. மாடியில."

"மாடியா? கண்ணு சரியாத் தெரியலன்னு வர்றவங்களைப் படி ஏத்தி விடப்போறியா? அறிவிருக்கா உனக்கு?"

"கைப்பிடி வச்சிருக்கேன் அண்ணா."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம்."

அவர் எழுந்து போய், கதவில் தொங்கிய பலகையை 'மூடியுள்ளது' பக்கம் திருப்பினார்.

"நட. அந்த அளவு நாடாவை எடுத்துக்கோ."