ஆயர் திருப்பிக் கொண்டுபோன அப்பம்

ஆயர் குனிந்து அப்பத்துண்டை உதட்டருகே கொண்டுபோனதும் தாவீது வாயை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா, வாயத் தொறங்க. ஐயா எத்தன நேரமாக் குனிஞ்சிட்டே நிக்கறாங்க பாருங்க," என்றாள் ஜெயசுதா. அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த கை அவளுக்கு மரத்துப் போயிருந்தது.

மனுசன் அசைந்தால்தானே. மூன்று நாளாக ஸ்பூனில் விட்ட தண்ணீரைக்கூடக் கடைவாயில் வழியவிட்ட உதடுகள் அவை. இருதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்போது மட்டும் இத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

படுக்கையில் கிடக்கும் சபையாருக்கு ஆயர் வீடு தேடி வந்து திருவிருந்து கொடுப்பது வழக்கம். அதை வேண்டாம் என்றவரை அந்தச் சபையில் யாரும் கண்டதில்லை. ஆனால் தாவீது எட்டு மாதமாகவே அதைத் தொடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் எழுந்து போய்ப் பீடத்தின் முன் முழங்கால் போடும்போது இவர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கமிட்டித் தேர்தலில் தோற்ற கோபம் என்றார் ஒருவர். சர்க்கரைக்காரர், திராட்சை ரசம் ஆகாது என்றார் இன்னொருவர். ஜெயசுதாவுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் அவள் மாதா மாதம் எழுந்து போய் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

கண்ணைத் திறக்காமலே தாவீது பேசினார். "அந்தப் புள்ளயக் கூட்டியாங்க. அதுகிட்டச் சொல்லாம எனக்கு இது வேண்டாஞ் சாமி."

"எந்தப் புள்ளயச் சொல்றீங்க?" என்று ஆயர் நிமிர்ந்தார்.

கால்மாட்டில் நின்றிருந்த தம்பி இளங்கோ ஜெயசுதாவைப் பார்த்தான். ஜெயசுதா தரையைப் பார்த்தாள். எதிர்ச்சாரிச் சிலைப் பட்டறையில் உளிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயர் அப்பத்தை வெள்ளைத் துணியில் மடித்துச் சிமிழுக்குள் வைத்து மூடினார்.

"மத்தியானம் மறுபடி வர்றேன். அதுக்குள்ள என்னான்னு உங்களுக்குள்ள பேசி முடிங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர் தலை மறைந்ததும் இளங்கோ அக்காளை அடுப்படிக்குக் கூட்டிப்போனான்.

"அப்பா நெனப்புத் தப்பிப் பேசறாரு. நீ கெளம்பீராத."

"நெனப்பெல்லாம் தெளிவாத்தான் இருக்குது."

"செவ்வாக்கெழம கோர்ட்டு இருக்குதுக்கா. இப்ப அவளக் கூட்டியாந்து, இவரு வாயத் தொறந்துட்டாருன்னு வெச்சுக்கோ. என்ற வேலை போறது கெடக்கட்டும். ஆறுச்சாமிக்கு எழுத வராதே, எழுதுனது ஆருன்னு கேப்பாங்கல்ல? அப்ப என்ன சொல்லுவ?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

அப்பாவுக்கு இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் தாவீது, சாயப்பட்டறையில் ஆறுச்சாமி. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளுக்கு இருபது வருசமாக அவர்தான் மேஸ்திரி. ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் அவருக்குக் கீழே வேலை பார்த்தான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், மறுநாள் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள், அடிச்சேற்றை அள்ளியாக வேண்டும் என்று மேனேஜர் குருசாமி போன் மேல் போன் போட்டார். முகமூடியும் கயிறும் இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வரவில்லை. 'ரெண்டே நிமிசம், எறங்கி ஏறிரு கண்ணு' என்று சொன்னவர் தாவீதுதான். பிகாஷ் இறங்கினான். விஷவாயு அவனை ஏற விடவில்லை.

மூன்றாம் நாள் குருசாமி இதே வீட்டுக்கு வெள்ளைத்தாளோடு வந்தார். யாரும் சொல்லாமல், தடுத்தும் கேளாமல், பிகாஷ் தானாகவே இறங்கினான் என்று எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். இளங்கோவை ஷிப்ட் இன்சார்ஜாகப் போடப்போவதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தாவீதுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எழுதியவள் ஜெயசுதா. ஞாயிறு பள்ளி டீச்சர், வாரா வாரம் கோயில் வாசல் கரும்பலகையில் வசனம் எழுதுகிறவள். அவள் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும் என்று சபையே மெச்சும். பொய்ச்சாட்சி எத்தனையாவது கட்டளை என்று பிள்ளைகளிடம் கேட்டு மிட்டாய் கொடுக்கிற அந்த மகராசி, அன்றைக்கு ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தாள்.

உள்ளிருந்து குரல் கேட்டது. "கண்ணு, கெளம்பிட்டயா?"

"கெளம்பிட்டேனுங்கப்பா," என்று வண்டிச் சாவியை எடுத்தாள். இளங்கோ வாசல்வரை வந்தான். ஆனால் தடுக்கவில்லை.

பிகாஷின் மனைவி சபித்ரி ராயபுரத்தில் ஒரு பனியன் செக்கிங் யூனிட்டில் நூல் பிசிறு வெட்டினாள். வீடு இருந்த பூண்டியிலிருந்து அதிகம் போனால் அரை மணி நேரம். ஜெயசுதாவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டியில் பாதி டேங்க் இருந்தும் பெட்ரோல் பங்கில் போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவருக்கு வழிவிட்டாள். பின்னால் வந்தவருக்கும் வழிவிட்டாள். என்னவென்று சொல்வது அவளிடம்? உன் புருசனைக் கொன்றது என் அப்பன், அதைத் துடைத்து வைத்தது நான் என்றா? பயம்தான், வேறொன்றுமில்லை.

சபித்ரி தலைமுடியெல்லாம் நூல் பிசிறோடு வெளியே வந்தாள். "தீதி, பாபா எப்படி இருக்கு?" என்று, சொந்த அக்காளைக் கண்டதுபோல ஓடிவந்து கையைப் பிடித்தாள். சுடுகாட்டில் பிகாஷின் பக்கத்தில் சொந்தக்காரரைப்போல நின்றவர் தாவீது. மாதா மாதம் அரிசி மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு வருவார். இந்த ஊரில் எனக்கு ஒரு அப்பா இருக்கிறார் என்று அவள் லைன் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"சபித்ரி, உன்ற கிட்ட ஒண்ணு..." என்று ஜெயசுதா ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"அக்கா, அப்பா போயிட்டாரு," என்றான் இளங்கோ. கொஞ்சம் அழுதான். பிறகு, "அவகிட்டச் சொல்லீட்டயா?" என்றான்.

"இல்ல."

"அப்ப வந்துரு. இனி ஒண்ணுமில்ல."

தம்பி மூச்சு விட்டது போனில் கேட்டது. அவளுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி, ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அப்பா செத்த செய்திக்கு வந்த நிம்மதி. அதற்காக அவள் தன்னை ஆயுசுக்கும் மன்னிக்கப் போவதில்லை. சபித்ரி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். யாரும் கூப்பிடாமலே, கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஜெயசுதாவின் முதுகில் முகத்தை வைத்து அழுதாள்.

வீட்டு வாசலில் ஆயர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தச் சிமிழ்.

"நான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சும்மா. கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டிருந்தாரு. வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டாரு," என்றார். அவளுக்குப் பின்னால் இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் அடக்கம். கோயிலில் பெட்டியை வைத்ததும் வீட்டார் ஒருவர் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டும். ஜெயசுதா காலையிலேயே அதை எழுதிவிட்டாள். இளங்கோ இரண்டு தரம் படித்துப் பார்த்து, "இது போதும்," என்றான். கம்பெனி மாலையோடு வந்த குருசாமி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சபித்ரி பெண்கள் பக்கத்தில் கடைசியில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தாள். வாசல் கரும்பலகையில் போன வாரத்து வசனம் அழியாமல் இருந்தது.

ஜெயசுதா வாசித்தாள். பிறந்த ஊர், ஞானஸ்நானம், கல்யாணம், அம்மா இறந்த வருசம், இருபது வருச வேலை. தாள் முடிந்தது. ஆயர் பாட்டு நம்பர் சொல்ல எழுந்தார். அவள் இறங்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க," என்றாள். "எட்டு மாசமா எங்கப்பா திருவிருந்து எடுக்கலீங்க. ஏன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. பிகாஷ்னு ஒருத்தரு தொட்டியில எறங்கிச் செத்துப்போனாருங்கல்ல? அவரு தானா எறங்கல. எங்கப்பா எறங்கச் சொன்னாரு. எங்கப்பாவுக்கு மேனேஜர் சொன்னாரு. தானா எறங்குனாருன்னு கோர்ட்டுல இருக்கற காயிதம் பொய்யிங்க. அத எழுதுனது நானுங்க. எழுதிப்போட்டு, நான் மாசா மாசம் கை நீட்டி வாங்கித் தின்னுட்டு இருந்தேன்."

"அக்கா, எறங்கு," என்றான் இளங்கோ. சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. குருசாமி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஆயர் கையில் விரித்த பாட்டுப் புத்தகத்தோடு அப்படியே நின்றார்.

கடைசி பெஞ்சில் சபித்ரி பக்கத்திலிருந்தவளை என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருசன் பெயர் காதில் விழுந்திருக்கிறது, மற்றது புரியவில்லை. ஜெயசுதா அவளைப் பார்த்து, கம்பெனிகளில் ஒட்டிக்கொண்ட அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். முதல் தரம் சொன்னதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. சபித்ரியின் தலையிலிருந்து முந்தானை நழுவியது. அதை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் பாதியாகிவிட்டிருந்தது. ஜெபம் முடிந்து ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போட்டார்கள். இளங்கோ போட்டுவிட்டு, அக்காளைப் பார்க்காமலே போய் வண்டியை எடுத்தான். சபித்ரியும் வரிசையில் வந்து குனிந்து மண்ணை அள்ளினாள். குழியருகே வந்தவள், மூடிய கையோடு ஜெயசுதாவின் முன்னால் நின்றாள். கண்ணில் துளி ஈரமில்லை.

"மங்கள்வார்... செவ்வா கோர்ட். அங்கேயும் இது சொல்லுமா?"

"சொல்றேன்."

"எழுதித் தருமா?"

"எழுதித் தர்றேன், சபித்ரி."

அவள் தலையைக்கூட அசைக்காமல் திரும்பி நடந்தாள்.

மண்வெட்டியோடு நின்ற, குழி வெட்டும் கந்தவேல் தயங்கினார். "அந்தம்மா இன்னும் மண்ணுப் போடலீங்களே. கொஞ்சம் பொறுக்கட்டுங்களா?"

"இல்லீங்கண்ணா. மூடிருங்க."

மண் விழ ஆரம்பித்தது. கேட்டருகே, எல்லாரும் கைகால் கழுவும் குழாயடியில், சபித்ரி கையை விரித்து மண்ணைத் தரையில் உதறினாள். பிறகு குழாயைத் திறந்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.