டெல்பின் அடித்த கோடு

சனிக்கிழமை டீ இடைவேளையில்தான் டெல்பின் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தாள். தம்பி லியோ போட்டிருந்தான். ‘என் சின்ன வயசுப் புதையல். நாளை காலை ஓசூர் காமிக்ஸ் வாசகர் சந்திப்பில் எல்லோரும் பார்க்கலாம்!’ கூடவே ஒரு தகரப் பெட்டியின் படம். உள்ளே நெருக்கி அடுக்கிய காமிக்ஸ் புத்தகங்கள். ஓரத்தில் ரப்பர் பேண்ட் போட்ட மல்யுத்த வீரர் அட்டைகள்.

பெட்டி அவளுடையது.

நாற்பத்தொரு வயது டெல்பினுக்கு சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போடமாட்டாள். வீட்டில் மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

கிருஷ்ணகிரியில் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது சேர்த்தவை அந்தப் புத்தகங்களும் அட்டைகளும். வகுப்பில் பாதிப் பேருடைய விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்து கொடுத்தது அவள்தான். ஒரு தவளைக்கு ஒரு காமிக்ஸ். குடலையும் சேர்த்து வரைந்தால் நாலு அட்டைகள் கூடுதல். ஒருநாள் விருந்தாளிகள் இருக்கும்போதே அப்பா சகாயநாதன் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார். “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த பொம்ம புக்கு?” என்றார். அன்று மாலையே மிச்சமிருந்த அத்தனை புத்தகங்களிலும் முதல் பக்கத்தில் ‘ச. லியோ’ என்று எழுதிவைத்தாள். அப்போது லியோ ஏழாவது படித்தான். அதன்பிறகு அப்பா அந்தப் பெட்டியைத் தொடவில்லை. ஆண்பிள்ளை ஏதோ படிக்கிறான் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் டெல்பின் நேராக வாசகர் சந்திப்பு நடக்கும் மண்டபத்துக்குப் போனாள். முன்வரிசையில் அப்பா சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பெட்டி. லியோ மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

“அப்பல்லாம் கையில காசு ஏது? ரெக்கார்டு நோட்ல தவளை வரைஞ்சு குடுத்துத்தான் ஒவ்வொண்ணா சேத்தேன். ஒரு தவளைக்கு ஒரு காமிக்ஸ்!”

கூட்டம் கைதட்டியது. டெல்பினுக்குக் காது சூடேறியது. பின்வரிசையில் நின்றபடியே கேட்டாள்:

“ஏன்டா லியோ, நீ ப்ளஸ் டூவுல காமர்ஸ் குரூப்புதானே? காமர்ஸ்ல ஏதுடா தவளை?”

மண்டபம் குபீரென்று சிரித்தது. லியோ மைக்கைக் கீழே இறக்கினான். அவள் மேசைக்கு வருவதற்குள் அவன் முகம் வெளிறிவிட்டது.

“அக்கா, வீட்ல போய்ப் பேசிக்கலாம்,” என்றான் மெதுவாக.

“வீட்ல பேசாம இருந்துதான்டா இவ்ளோ தூரம் வந்துச்சு.”

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மேலாக இருந்த புத்தகத்தைப் பிரித்து, ‘லியோ’ என்ற பெயரின்மேல் ஒரு கோடு அடித்தாள். அதன் கீழே ‘ச. டெல்பின்’ என்று எழுதினாள். இரண்டும் ஒரே கையெழுத்து என்பது பக்கத்தில் நின்றவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

சந்திப்பை ஏற்பாடு செய்திருந்த மூர்த்தி பதறிக்கொண்டு ஓடிவந்தார். “மேடம், மேடம்! பேனா வெக்காதீங்க. கிறுக்கினா அதோட மதிப்பே போயிடும்!”

“யாருக்குங்க போயிடும்?” என்று கேட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

அப்பா எழுந்து வந்தார். “ஏம்மா, நாலு பேரு முன்னாடி தம்பிய இப்படி அவமானப்படுத்தலாமா?”

“நீங்க கிழிச்சப்பவும் நாலு பேரு இருந்தாங்கப்பா.”

அவர் திரும்பிப் போய் உட்காரவில்லை. வாசல் வழியாக வெளியே நடந்துவிட்டார். டெல்பின் நிறுத்தவில்லை. நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். கடைசி வரை எழுதித்தான் நிமிர்ந்தாள்.

கூட்டம் கலைந்தபின் லியோ பக்கத்தில் வந்து நின்றான். “சத்தியமா சொல்றேன்க்கா, நான் வரைஞ்ச மாதிரியேதான் எனக்கு ஞாபகம். சின்னதுல நீ தெனம் சொல்லுவியே. கேட்டுக் கேட்டு என்னுதாவே ஆயிடுச்சு.”

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. பெட்டியின் கொக்கியை மாட்டினாள்.

“கதைய வேணும்னா நீ வெச்சுக்க. பெட்டி என்னுது.”

ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் பெட்டியை ஏற்றி, முழங்கால்களை அகட்டிக்கொண்டு ராயக்கோட்டை சாலையில் வண்டியை ஓட்டினாள். சிக்னலில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

திங்கள் மதியம் கேன்டீன் மேசையில் மல்யுத்த வீரர் அட்டைக் கட்டைப் பிரித்தாள். அதே லைனில் வேலை பார்க்கும் ஊத்தங்கரை தமிழ்செல்வி எட்டிப் பார்த்தாள்.

“என்னாக்கா இது?”

“உக்காரு, சொல்லித் தரேன். ஒசரம், எடை, ரேங்க். எது பெருசோ அத சொல்லணும். ஜெயிச்சா என் அட்டை ஒனக்கு.”

அந்த வழியாகப் போன ஷிப்ட் மேனேஜர் நின்றார். “என்ன மேடம், இந்த வயசுல பசங்க வெளையாட்டு?”

“பிரேக் முடிய இன்னும் பதினோரு நிமிசம் இருக்குது சார்,” என்ற டெல்பின், அவரை நிமிர்ந்தும் பார்க்காமல் அட்டைகளைக் கலைத்துப் போட்டாள்.